பத்து மாத டீச்சர்

"யாருக்குப் பதிலா வந்திருக்கீங்க டீச்சர்?"

கோவை மாவட்டத்தின் கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஜூலை மாதம் புதிதாகக் காலடி வைக்கும் இளம்பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் இதுதான். பெயரைக் கேட்பது அப்புறம். பிள்ளைகளும் இதையே கேட்பார்கள்: "பழைய மிஸ் எப்ப வருவாங்க?" பி.எட். முடித்து, தகுதித் தேர்வு எழுதி, முதன்முதலாகச் சாக்பீஸைக் கையில் எடுக்கும் ஒருத்தி, தான் இன்னொருவரின் இடத்தில் நிற்கிறோம் என்பதை முதல் பாடவேளையிலேயே தெரிந்துகொள்கிறாள். அரசு ஆவணங்களில் அவள் 'தற்காலிக ஆசிரியர்'. பள்ளி மேலாண்மைக் குழுவோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ எடுப்பதால் பள்ளிப் பேச்சில் 'எஸ்.எம்.சி. டீச்சர்' அல்லது 'பி.டி.ஏ. டீச்சர்'. ஊர்ப் பேச்சில் பத்து மாத டீச்சர்.

ஆசிரியப் பணிக்குள் நுழைய இன்றைக்குத் தமிழ்நாட்டில் பரவலாகத் திறந்திருக்கும் வாசல்கள் இரண்டு. ஒன்று தனியார் மெட்ரிக் பள்ளி. அங்கே சம்பளத்தைப் பேச்சில் முடிப்பார்கள், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. மற்றொன்று அரசுப் பள்ளியின் இந்தத் தற்காலிக இடம். நிரந்தர வேலை மூன்றாவது வாசல். அது எப்போது திறக்கும் என்பது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் கையில் இருக்கிறது. இடைநிலை ஆசிரியருக்கான நியமனத் தேர்வு 2024 ஜூலை 21 அன்று 2,768 இடங்களுக்கு நடந்தது. அதற்கு முன் ஏறத்தாழப் பத்தாண்டுகளாக அந்தப் பிரிவில் பெரிய நியமனம் எதுவும் இல்லை. அந்தப் பத்தாண்டில் படித்து வெளியே வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தேடினால் இந்தக் கட்டுரையின் நாயகியரில் பலரைக் காணலாம்.

காலியிடம் ஏன் உண்டாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஓய்வு, பதவி உயர்வு, பொதுமாறுதல் கலந்தாய்வு, நீண்ட விடுப்பு, மாற்றுப்பணி என்று காரணங்கள் எல்லாமே நாட்காட்டியில் முன்கூட்டியே தெரிபவை. 2020-இல் ஓய்வு வயதை 58-இலிருந்து 59-ஆகவும், 2021-இல் 60-ஆகவும் உயர்த்தியதால் ஓய்வுகள் இரண்டாண்டு தள்ளிப்போயின. பிறகு மறுபடியும் தொடங்கின. மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். பெண் ஆசிரியர்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு துறையில் இது நல்ல ஏற்பாடு, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பில் போனால் ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில் விழும். கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஒரு பள்ளியின் ஆசிரியர் காலியிடம் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. இருவர் உள்ள பள்ளியில் ஒருவர் குறைந்தால் அது 50 விழுக்காடு. சட்டம் எழுதியவர்கள் பெரிய பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதினார்களோ என்னவோ.

கோவை மாவட்டத்துக்குள்ளேயே இந்தப் பள்ளம் சமமாக இல்லை. அவினாசி சாலையை ஒட்டிய பள்ளிக்கு மாறுதல் வாங்கி வர விரும்புபவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டிய வால்பாறை எஸ்டேட் பள்ளிகளிலிருந்து கீழே இறங்கத்தான் வரிசை. அங்கே தற்காலிக ஆசிரியராகப் போக யாரும் முன்வந்தால் அநேகமாக அதே எஸ்டேட்டில் பிறந்து படித்த பெண்ணாக இருப்பாள். தற்காலிக ஆசிரியரின் சம்பளத்தில் வெளியூர்க்காரர் அங்கே வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குவது கட்டுப்படியாகாது.

2022-ஐ எடுத்துக்கொள்வோம். இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை அந்த ஒரே கோடை முழுதாகக் காட்டிவிட்டது. கொரோனாவில் மூடிக் கிடந்த தொடக்க வகுப்புகள் முந்தைய நவம்பரில்தான் திறந்திருந்தன. கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஜூன் 13 அன்று தொடங்கப்பட்டது. ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளின் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கும் புது முறை அது. பத்து நாள் கழித்து, ஜூன் 23 தேதியிட்டு, காலியாக உள்ள 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளலாம் என்று பள்ளிக் கல்வித்துறை அறிவித்தது. இடைநிலை ஆசிரியர் 4,989, பட்டதாரி ஆசிரியர் 5,154, முதுகலை ஆசிரியர் 3,188. மாதத் தொகுப்பூதியம் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். இடைநிலைக்கும் பட்டதாரிக்கும் ஜூலை முதல் ஏப்ரல் வரை பத்து மாதம். முதுகலைக்குப் பிப்ரவரியோடு சரி, எட்டே மாதம். மார்ச்சில் பொதுத்தேர்வு வந்துவிடும் அல்லவா.

இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பாருங்கள். புது முறை தொடங்கிவிட்டது, அதை நடத்த வேண்டியவரில் ஆயிரக்கணக்கானோர் இன்னும் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை. தகுதித் தேர்வில் தேறி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். எங்களை விட்டுவிட்டு உள்ளூரில் யாரையோ வைத்துக்கொள்வதா என்பது அவர்கள் கேள்வி. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது, வழிகாட்டு நெறிகள் திருத்தப்பட்டன, தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்றானது. ஊதியமும் பின்னர் 12,000, 15,000, 18,000 என உயர்ந்தது. இந்தப் பஞ்சாயத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது பள்ளிகளில் முதல் பருவம் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அறிவித்த 7,500 ரூபாயைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும். முப்பதால் வகுத்தால் நாளுக்கு 250. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள் கூலி 281. அப்போது இந்த ஒப்பீட்டை எல்லோரும் சொன்னார்கள். நேர்மையாகச் சொன்னால், பள்ளி நடக்கும் 22 நாளால் வகுத்தால் 341 ரூபாய் வரும். நூறு நாள் வேலையைவிட அறுபது ரூபாய் கூடுதல். ஆனால் இப்படி வகுத்துப் பார்த்துச் சமாதானம் அடைய வேண்டிய நிலையில் ஒரு பட்டயப் படிப்பை வைத்திருப்பதே போதுமான செய்தி. நிரந்தர இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600. அகவிலைப்படி சேர்த்தால் 30,000-ஐத் தாண்டும். பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படையே 36,400. பக்கத்து வகுப்பறைக்கும் இந்த வகுப்பறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

இவ்வளவு குறைந்த கூலிக்கு ஏன் வருகிறார்கள்? வேலையில்லாத் திண்டாட்டம் என்ற ஒரு சொல்லில் முடிக்கலாம். எனக்கு அது போதவில்லை. தமிழ்நாட்டு ஆசிரியர் குடும்பங்களில் ஒரு தேதி தலைமுறை தாண்டி நினைவில் நிற்கிறது: 2006 ஜூன் 1. அதற்கு முன் மூன்றாண்டுகளாக அரசு, புதிதாக எடுத்த ஆசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்திருந்தது. இடைநிலைக்கு 3,000, பட்டதாரிக்கு 4,000, முதுகலைக்கு 4,500 ரூபாய். ஆட்சி மாறியதும் அவர்கள் எல்லோரும் அந்தத் தேதியிலிருந்து காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். "அப்ப மூவாயிரத்துக்குப் போனவங்க இப்ப தலைமை ஆசிரியர்" என்று எந்த ஊரிலும் ஒரு பெரியப்பாவோ அத்தையோ உதாரணம் காட்டுவார். பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போடும் பெண்ணின் பின்னால் நின்று தைரியம் சொல்வது அந்த உதாரணம்தான்.

ஆனால் அந்தத் தேதிக்கு ஏழு வாரம் முன்பு, 2006 ஏப்ரல் 10 அன்று, உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உமாதேவி வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. முறையான தேர்வு நடைமுறைக்கு வெளியே தற்காலிகமாக வந்தவர், எத்தனை ஆண்டு வேலை செய்தாலும் அதை வைத்தே பணி நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்பது அதன் சாரம். தொகுப்பூதிய ஆசிரியர்கள் பதிவு மூப்பு, ஆசிரியர் தேர்வு வாரியம் என முறையான வழியில், அனுமதிக்கப்பட்ட இடங்களில் வந்தவர்கள்; ஆகவே அரசால் அவர்களை நிரந்தரமாக்க முடிந்தது. எஸ்.எம்.சி. டீச்சர் வந்திருக்கும் வழி வேறு. அத்தை சொல்லும் உதாரணம் உண்மைதான், இவளுக்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டை யாராவது அவளை உட்கார வைத்துச் சொல்கிறார்களா என்றால் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 'சிக்ஷா மித்ரா' எனப்பட்ட ஒப்பந்த ஆசிரியர்களை மாநில அரசு நிரந்தரமாக்கியது. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றபோது பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றே முக்கால் லட்சம் பேர் அளவில் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2016 அக்டோபரில், பஞ்சாப் வழக்கொன்றில் அதே நீதிமன்றம் தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று சொல்லியிருந்தது. நிரந்தரம் கேட்க முடியாது, சம ஊதியம் கேட்கலாம். பத்து மாத ஒப்பந்தக்காரி ஒருத்தி இரண்டாவதைக் கேட்டு வழக்குப் போட்டு வெல்வதற்குள் அவளுடைய பத்து மாதம் முடிந்திருக்கும்.

தமிழ்நாட்டிலேயே நீண்ட காலமாக நடக்கும் இன்னொரு கதை உண்டு. 2012-இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய் ஊதியத்தில் எடுக்கப்பட்டார்கள். வாரம் மூன்று அரை நாள் வேலை. அவர்கள் ஊதியம் 2024-இல் 12,500-ஐத் தொட்டது. பன்னிரண்டு ஆண்டில் பலருக்கு நரை வந்துவிட்டது, 'பகுதிநேரம்' என்ற முன்னொட்டு மட்டும் போகவில்லை. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இதற்கு இன்னும் கனமான பெயர்: தொண்டர் ஆசிரியர். போர்க்காலத்தில் ஆள் இல்லாத பள்ளிகளை ஊதியமே இன்றியோ, சிறு தொகைக்கோ தாங்கி நின்றவர்கள் அவர்கள். போர் முடிந்தபின் நியமனம் கேட்டு அலுவலக வாசல்களில் நின்றார்கள். தொண்டு என்ற சொல்லை வைத்தே ஒருவரின் கூலியை எவ்வளவு காலம் தள்ளிப்போடலாம் என்பதற்கு அது சான்று.

இனி, இவர்கள் நன்றாகக் கற்பிக்கிறார்களா என்ற கேள்வி. இதற்கு ஆய்வு வேறு ஒரு பதில் சொல்கிறது. ஊகம் சொல்லும் பதிலுக்கு நேர் எதிர். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரக் கிராமப் பள்ளிகளில் நடத்திய சோதனையின் முடிவு 2013-இல் ஆய்வறிக்கையாக வந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்த 100 அரசுப் பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியரைக் கொடுத்தார்கள். இரண்டாண்டு முடிவில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட முன்னே இருந்தார்கள். ஒப்பந்த ஆசிரியரின் ஊதியம் நிரந்தர ஆசிரியருடையதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. பயிற்சி குறைவு, வயதும் குறைவு, பெரும்பாலும் அதே ஊர். பள்ளிக்கு வராத நாட்கள் ஒப்பந்தக்காரரிடம் 18 விழுக்காடு, நிரந்தரக்காரரிடம் 27.

இந்த ஆய்வை நிதித்துறைக்காரர்கள் விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். படித்துப் பார்த்தால் இரண்டு விஷயம் கவனத்தில் நிற்கும். அங்கே கொடுத்தது கூடுதல் ஆசிரியர். இருப்பவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மலிவாக ஒருவரை உட்கார வைத்த சோதனை அல்ல அது. இரண்டாவது, அந்த ஒப்பந்தக்காரர்கள் இரண்டாண்டு ஓடும் ஒரு ஏற்பாட்டின் உள்ளே இருந்தார்கள். பிப்ரவரியோடு வெளியே போகும் முதுகலை ஆசிரியர் எந்த வகுப்பின் முன்னேற்றத்தைத் தன்னுடையது என்று நினைப்பார்?

கென்யாவில் இதே யோசனையைப் பெரிய அளவில் சோதித்தார்கள். டெஸ்ஸா போல்ட் முதலிய ஆய்வாளர்கள் ஒரே மாதிரி ஒப்பந்த ஆசிரியர் திட்டத்தைச் சில பள்ளிகளில் தொண்டு நிறுவனம் வழியாகவும் சில பள்ளிகளில் அரசு வழியாகவும் நடத்திப் பார்த்தார்கள். தொண்டு நிறுவனம் நடத்திய இடத்தில் மதிப்பெண் உயர்ந்தது, அரசு நடத்திய இடத்தில் ஒன்றும் நகரவில்லை. ஒப்பந்தமும் ஊதியமும் ஒன்றே. சம்பளம் நாள் தவறாமல் வருகிறதா, யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்பதில் வேறுபாடு இருந்ததாகத் தெரிகிறது. ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, ஒப்பந்தக்காரரை எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்ப்பதுதான் பயனுள்ள வேலை என்று எனக்குப் படுகிறது.

முதல் ஆண்டு என்பது ஆசிரியர் உருவாகிற ஆண்டு. பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டாண்டு ஆனது. அதில் பள்ளியில் இருந்து கற்பிக்கும் பயிற்சி 16 வாரம். அந்தப் பதினாறு வாரமும் வகுப்பின் உண்மையான ஆசிரியர் பின்வரிசையில் இருப்பார், அல்லது இருப்பதாக ஏற்பாடு. பயிற்சி மாணவி பாடக்குறிப்பு எழுதி, அட்டையில் படம் ஒட்டி, நாற்பது நிமிடப் பாடத்தை ஒப்பிப்பாள். பிள்ளைகளும் விருந்தாளிக்கு முன் நடப்பதுபோல நடந்துகொள்வார்கள். எஸ்.எம்.சி. டீச்சராக அதே பெண் உள்ளே போகும்போது பின்வரிசையில் யாரும் இல்லை. காலையில் செயலியில் வருகைப் பதிவு ஏற்ற வேண்டும், காலை உணவு முடிந்ததா பார்க்க வேண்டும். இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்து ஒன்றுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு மற்றொன்றுக்குத் தமிழ் நடத்த வேண்டும். இவற்றோடு, யாராவது விடுப்பெடுத்தால் அந்த வகுப்பின் சத்தத்தை அடக்கப் போகிறவரும் இவளே. புதியவர் என்பதால் மறுக்க மாட்டாள் என்பது பள்ளிக்குத் தெரியும்.

கருமத்தம்பட்டி வட்டாரத்தில் இதற்கு மேல் இன்னொன்று. இது விசைத்தறி பூமி. சோமனூரைச் சுற்றித் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. நூற்பாலைகளும் பனியன் கம்பெனிகளும் திருப்பூர் வரை தொடர்ச்சியாக இருக்கின்றன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். 'அ' எழுதத் தெரியாத எட்டு வயதுப் பையனும் நன்றாக வாசிக்கும் எட்டு வயதுப் பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். அவன் மந்தமானவன் இல்லை, அவனுக்கு இந்த மொழி புதிது, அவ்வளவே. இதைச் சமாளிக்கும் வித்தை எந்த பி.எட். பாடநூலிலும் முழுதாக இல்லை. பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஓர் ஆசிரியை பக்கத்து வகுப்பில் இருந்துகொண்டு, "அம்மிணி, மொதல்ல அவனப் பேச உடு, எழுத்து தானா வரும்" என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் விளங்கும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஒரு பருவம் போய்விடும். பத்து மாதத்தில் ஒரு பருவம் என்பது சிறு பங்கு இல்லை.

பதில் ஆள் என்பது தமிழ்ப் பள்ளிகளுக்குப் புதிய கருத்தும் இல்லை. திண்ணைப் பள்ளியில் வாத்தியார் வெளியே போனால் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை பாடத்தை ஒப்பிக்க வைப்பான். சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். ஆசிரியர்கள் போதாத நிலையில் மூத்த பையன்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்தார். 1797-இல் இதை நூலாக எழுதினார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது. ஆள் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு ஒரு கல்வி முறையாகவே உலகம் சுற்றிவிட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சட்டாம்பிள்ளைக்குப் பக்கத்தில் வாத்தியார் இருந்தார். அவர் ஊரில் இல்லாத நாளில்கூட மறுநாள் வந்து கேட்பார்.

அதே இங்கிலாந்து இன்று புதிய ஆசிரியரை என்ன செய்கிறது? 2021 செப்டம்பரிலிருந்து அங்கே முதல் இரண்டாண்டும் சட்டப்படி அறிமுகக் காலம். முதல் ஆண்டில் பாடவேளையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தர வேண்டும், வழிகாட்டி ஆசிரியர் ஒருவரை ஒதுக்க வேண்டும். பதில் ஆசிரியர் வேலைக்கு முகவர் நிறுவனங்கள் அங்கும் உண்டு. அவற்றைப் பற்றிய புலம்பலும் உண்டு. இந்த அறிமுகக் காலத்தை முடிக்காத ஒருவர் குறுகிய காலப் பதில் வேலையாகவே ஐந்தாண்டுக்கு மேல் ஓட்ட முடியாது. ஒரு பருவத்துக்குக் குறைவான பதில் வேலை அறிமுகக் காலக் கணக்கில் சேராது. அந்த நாட்டின் பள்ளிகள் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. புதியவரைத் தனியாக விடக் கூடாது என்பதை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், நாம் எழுதி வைக்கவில்லை.

கருமத்தம்பட்டிக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1846 அக்டோபரில் பிரெஞ்சுக்காரரான மரியோன் பிரெசில்லாக் இங்கேதான் ஆயராக அருட்பொழிவு பெற்றார். உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து முழுக் குருக்களாக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமானவர். உள்ளூர்க்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டே காலம் தள்ளும் பழக்கத்தோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. பின்னர் பதவியைத் துறந்து பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். இந்த ஊரின் செபமாலை மாதா கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஊரின் தறிக்கு வருவோம். சோமனூர்த் தறிக்காரர் பெரும்பாலும் கூலி நெசவுக்காரர். பாவும் ஊடும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், தறிக்காரர் நெய்து திருப்பித் தருவார், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. துணியில் அவர் பெயர் இருக்காது. எஸ்.எம்.சி. டீச்சரின் நிலை இதுதான்: பாடம் வேறொருவருடையது, வகுப்பு வேறொருவருடையது, தேர்ச்சி விழுக்காட்டில் இவள் பெயர் வராது. ஆனால் தறிக்காரருக்கு இருக்கும் ஒன்று இவளுக்கு இல்லை. கூலி உயரவில்லை என்றால் அவர்கள் சங்கம் கூட்டுவார்கள், தறியை நிறுத்துவார்கள், ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடக்கும். 2025 மார்ச், ஏப்ரலில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஒரு மாதம் தறிகள் நின்று, சோமனூரில் உண்ணாவிரதம் வரை போய், பிறகே கூலி உயர்ந்தது. பத்து மாத டீச்சர்கள் ஒருவரை ஒருவர் அறிவதற்குள் ஏப்ரல் வந்துவிடுகிறது. நிரந்தர ஆசிரியர்களின் வலுவான சங்கங்களில் இவர்களுக்கு இடம் இல்லை. அந்தச் சங்கங்களுக்கும் சொந்தத் தலைவலி இருக்கிறது: 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கும் மறுநாள் சேர்ந்தவருக்கும் அடிப்படை ஊதியத்தில் 3,170 ரூபாய் வேறுபாடு விழுந்து, அதற்கு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

தகுதித் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012 ஜூலை 12 அன்று தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்வில் ஆறு லட்சத்துக்கு மேல் எழுதி 2,448 பேர் மட்டுமே தேறினார்கள். அக்டோபரில் மறுதேர்வு வைக்க வேண்டியதாயிற்று. 2018-இல், தேறியவர்களும் நியமனத்துக்கு எழுத வேண்டிய இன்னொரு போட்டித் தேர்வும் சேர்ந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியரும் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஆக, நிரந்தரமாக இருப்பவர் ஒரு பக்கம் கேள்வித்தாளைப் புரட்டுகிறார், தற்காலிகமாக இருப்பவர் மறுபக்கம் அதையே புரட்டுகிறார். மாலை வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் நோட்டைத் திருத்தி முடித்து, ஒன்பது மணிக்கு மேல் உளவியல் வினாக்களைப் படிக்கும் டீச்சருக்கு அன்றைக்கு வகுப்பில் நடந்தது தேர்வுக்கு உதவாது. தேர்வில் படித்தது வகுப்புக்கு உதவாது. பணம் ஒரு வகையில் மிச்சம் என்றால் அது டவுன் பஸ்ஸில்தான். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து இலவசம். தற்காலிக ஆசிரியைகளின் ஊதியத்தில் உண்மையான உயர்வு கொடுத்த முதல் திட்டம் அதுதான் என்று விளையாட்டாகச் சொல்வேன், முழுக்க விளையாட்டும் இல்லை.

நிரந்தர நியமனம் வேண்டும் என்று கேட்பது சரி. அது நடக்க ஆண்டுகள் ஆகும், அரசாணைகள் வேண்டும். அதற்குள் செய்யக் கூடியது ஊர் மட்டத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தற்காலிக ஆசிரியரை எடுக்கும் தீர்மானம் உங்கள் கையெழுத்தோடுதான் போகிறது. கருமத்தம்பட்டியிலோ, கணியூரிலோ, சூலூரிலோ நீங்கள் அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தால், அடுத்த ஜூன் கூட்டத்தில் நான்கு விஷயங்களைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். இவருக்கு முதல் பருவம் முழுக்கத் துணை நிற்கப் போகும் மூத்த ஆசிரியர் யார் என்று பெயரோடு. மாதச் சம்பளம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று. ஆசிரியர்களுக்கான குறுவள மையப் பயிற்சிக்கு இவரையும் அனுப்புவார்களா என்று. பத்து மாதம் முடியும் நாளில் பணி அனுபவச் சான்று கேட்காமலே கையில் கிடைக்குமா என்று. தலைமை ஆசிரியர் மறுக்க மாட்டார். அவரும் ஒரு காலத்தில் மூவாயிரம் ரூபாய்க்கு வந்தவராக இருக்கக்கூடும். அப்புறம், முதல் நாள் அந்தப் பெண் உள்ளே வரும்போது யாருக்குப் பதில் என்று கேட்க வேண்டாம். பெயரைக் கேளுங்கள்.